டிஆர்650, கேஎல்ஆர்650, எக்ஸ்ஆர்650எல்: டேப்பட்டைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்காவில் தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் சேர்த்து ஒரே வண்டியாக, ஒற்றை சிலிண்டர் 650 சிசி பைக் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் வந்து நிற்பார்கள்: சுசுகி டிஆர்650எஸ்இ, கவாசாகி கேஎல்ஆர்650, ஹோண்டா எக்ஸ்ஆர்650எல். நான் எடுத்தது டிஆர். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எண்களை முதலில் முடித்துவிடலாம். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து டிஆர் 166 கிலோ, எக்ஸ்ஆர் 157, இன்றைய கேஎல்ஆர் சுமார் 207. சீட் உயரம் டிஆரில் 885 மி.மீ, கேஎல்ஆரில் 870-ஐ ஒட்டி, எக்ஸ்ஆரில் 940. நடுத்தர உயரக்காரர்களுக்கு எக்ஸ்ஆரில் கால் நுனிதான் தரையில் படும். டிஆரைத் தாழ்த்த சுசுகியே வழி வைத்திருக்கிறது: பின் சஸ்பென்ஷனில் இரண்டாவது போல்ட் துளை, முன் ஃபோர்க்குக்குள் இடம் மாற்றிப் போடும் ஸ்பேசர். சுமார் 40 மி.மீ இறங்கும். சைட் ஸ்டாண்டையும் குட்டையாக மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு, அதிலும் டேப்பட், அதாவது வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்யும் வேலை. பெரிய ஒற்றை சிலிண்டரில் வால்வு இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு இறுகினால் முழுதாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை, அது வந்து உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்குக் கடத்த முடியாமல் கருகும். ஆகவே இந்த வேலையை உங்களால் வீட்டிலேயே செய்ய முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

டிஆரில் முடியும். இது திருகும் லாக் நட்டும் உள்ள பழைய முறை. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; இரவு முழுதும் நிற்க விட்டுக் காலையில் தொடங்குவது நல்லது. சீட், டேங்க், ஸ்பார்க் பிளக்குகள், வால்வு மூடிகள், இடப்பக்கக் கவரில் உள்ள இரண்டு பார்வைத் துளை மூடிகள் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கிராங்கைச் சுழற்றி, கம்ப்ரஷன் சுற்றின் உச்சியில் குறியை நிறுத்துங்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகள் நான்கும் லேசாக ஆடினால் சரியான சுற்று. ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி இன்டேக்கில் 0.08 முதல் 0.13 மி.மீ, எக்ஸாஸ்டில் 0.17 முதல் 0.22. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளந்தே ஆக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். புது உதிரிபாகம் எதுவும் தேவையில்லை. எக்ஸ்ஆரிலும் இதே முறைதான்.

கேஎல்ஆர் வேறு. அளப்பதற்கே பிளாஸ்டிக், டேங்க், ஹெட் கவர் எல்லாம் இறங்க வேண்டும். இடைவெளி தவறியிருந்தால் கேம் செயின் டென்ஷனரை எடுத்து, கேம்ஷாஃப்டைத் தூக்கி, சரியான கனமுள்ள ஷிம் என்ற சிறு உலோகத் தகட்டைப் போட வேண்டும். அந்த ஷிம் கையில் இல்லையென்றால் வண்டி பிரித்தபடியே கிடக்கும். ஒருமுறை சரியாகப் போட்ட ஷிம் நெடுநாள் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஊரை விட்டுத் தொலைவில் இருக்கும்போது, டிஆரின் டேப்பட்டுக்குச் சில சாதாரணக் கருவிகளும் ஃபீலர் கேஜும் போதும் என்பது பெரிய பலம். டிஆர் காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. சிறு ஆயில் கூலர் உண்டு, ஆனால் விழுந்தால் உடைய தண்ணீர் ரேடியேட்டரோ அதற்கான ஹோஸோ கிடையாது.

டிஆருக்கும் ஒரு நோய் உண்டு, அது சின்னதல்ல. கிளட்ச் பாஸ்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரல் ஸ்விட்சைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகுகள் நாளடைவில் தளர்ந்து விழும். பல்சக்கரத்துக்குள் சிக்கினால் இன்ஜின் கேஸே உடையும். வண்டி வாங்கிய கையோடு ஆயிலை வடித்து, வலப்பக்கக் கவரையும் கிளட்ச்சையும் கழற்றி, திருகுகளின் மரைகளில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட் போடுங்கள். தலையில் துளையிட்ட போல்ட்டுகளைப் போட்டு, கம்பியால் இரண்டையும் பிணைப்பது இன்னும் உறுதி. கவர் கேஸ்கட் ஒன்று புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் டிஆர் தோற்கிறது. டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 20 கி.மீ என்று வைத்தால் 260 கி.மீ. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டிலிருந்து டெட்ஹார்ஸ் வரை சுமார் 385 கி.மீ பெட்ரோல் பங்க்கே இல்லை. கேஎல்ஆரின் 23 லிட்டர் டேங்க் அதை அப்படியே கடந்துவிடும். டிஆருக்கு 20 அல்லது 30 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்ஆரின் 10.5 லிட்டர் இந்தப் பேச்சுக்கே வராது.

நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுவதற்கும் கேஎல்ஆர்தான். காற்றை மறைக்கும் கண்ணாடி, கனம் தரும் நிதானம், 2022 மாடலிலிருந்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அந்தப் புது மாடலில் எனக்கு அனுபவம் குறைவு, நெடுநாள் உழைப்பைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். டிஆரின் சீட் கட்டை போலக் கடினம். கார்புரேட்டரும் கம்பெனியிலிருந்து வரும்போது பெட்ரோல் குறைவான கலவையோடு வரும். மலை ஏறினால் அதே கார்புரேட்டர் எதிர்ப்பக்கம் போகும், கலவையில் பெட்ரோல் கூடிவிடும். மண் பாதை அதிகமென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டை 15 பல்லிலிருந்து 14-க்கு இறக்குங்கள், மெதுவான ஏற்றங்களில் கிளட்ச் தப்பிக்கும்.

எக்ஸ்ஆர் மூன்றில் லேசானது, மண்ணில் கெட்டிக்காரன். பின் சக்கரம் 18 அங்குலம் என்பதால் முரட்டு டயர்கள் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஆயில் ஃபிரேமுக்குள் இருக்கிறது; இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓட விட்டு, நிறுத்திய உடனே அளவு பார்க்க வேண்டும். ஆறிய இன்ஜினில் பார்த்துக் குறைவென்று நினைத்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். பழையது வாங்கினால் முன் ஸ்ப்ராக்கெட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் அதைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் பற்கள் தேய்ந்திருக்கக் கூடும். ஷாஃப்ட்டை மாற்ற இன்ஜினையே பிளக்க வேண்டும்.

பழைய கேஎல்ஆர் என்றால், குறிப்பாக 2007 வரையிலானது, டூஹிக்கி மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். பேலன்சர் செயினை இறுக்கும் அந்த லீவர் உள்ளேயே முறியும், ஸ்பிரிங்கும் தளரும். மாற்ற இடப்பக்கக் கவரைத் திறந்து, புல்லர் வைத்து ரோட்டரைக் கழற்ற வேண்டும். பில்லோ கழற்றிய பழைய லீவரோ காட்ட முடியவில்லையென்றால், அந்த வேலைக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.