எல்லாச் சாலுமா, ஒன்றுவிட்ட சாலா?

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வண்டித்தடத்துக்கு மேற்கே கரிசல், கிழக்கே மணல் கலந்த செவ்வல் (செம்மண்). இரண்டிலும் மக்காச்சோளம்தான், இரண்டடிக்கு ஒரு பார், அதாவது பயிர் நிற்கும் மண்மேடு; இரண்டு பாருக்கு நடுவே தண்ணீர் ஓடும் பள்ளம்தான் சால். கடந்த இரண்டு போகமாக மேற்கு வயலில் ஒரு சால் விட்டு ஒரு சாலில்தான் தண்ணீர் கட்டுகிறேன். அடுத்த தண்ணீருக்கு, காய்ந்து கிடந்த சாலுக்கு மடையை மாற்றிவிடுவேன். கிழக்கு வயலில் பழையபடி எல்லாச் சாலிலும் பாய்கிறது. ஒரே பயிருக்கு ஏன் இரண்டு முறை என்று கேட்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றுவிட்டுப் பாய்ச்சினால் தண்ணீர் மிச்சம், களை குறைவு, காய்ந்த சாலில் நடந்து வேலை பார்க்கலாம். எல்லாச் சாலிலும் பாய்ச்சினால் மனசுக்குத் தைரியம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: சால் பாதியானால் தண்ணீரும் பாதியாகிவிடாது. எங்கள் கரிசலில் ஏக்கருக்கு எட்டு மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது ஐந்து மணி நேரம் ஓடுகிறது. தண்ணீர் ஓடும் சாலுக்கு இரண்டு பக்கமும் காய்ந்த மண் இருப்பதால், அது முன்பைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. அப்படியும் மூன்று மணி நேரம் மிச்சம்.

முடிவு செய்ய வேண்டியது ஒரே விஷயத்தை வைத்துத்தான். சாலில் விட்ட தண்ணீர் மண்ணுக்குள் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போகிறது? மேலே பார்த்தால் இது தெரியாது. பாரின் தலை காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். பாரின் ஓரம் நனைந்திருந்தாலும் வேருக்கு எட்டாமல் இருக்கலாம். அதனால் தண்ணீர் கட்டிய மறுநாள், பாருக்குக் குறுக்கே இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினேன். கரிசலில் ஈரம் அகன்ற பானை மாதிரி விரிந்து, பாரின் நடுவைத் தாண்டி அடுத்த சாலின் ஓரம் வரை போயிருந்தது. செவ்வலில் அதே வேலையைச் செய்தபோது ஈரம் முள்ளங்கி மாதிரி நேராகக் கீழே இறங்கியிருந்தது. வெட்டிய இரண்டடிக்கும் கீழே ஈரம், ஆனால் பாரின் நடு வறண்டு கிடந்தது.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். கரிசலின் துளைகள் மிக நுண்ணியவை. அவை தண்ணீரைப் பக்கத்துக்கும் மேலுக்கும் இழுக்கின்றன. மணல்பாங்கான மண்ணில் துளைகள் பெரியவை, இழுவை குறைவு, தண்ணீர் தன் எடையில் கீழே போய்விடுகிறது. வேகமும் சேர்ந்துகொள்கிறது. மண் நன்றாக நனைந்த பிறகு கரிசல் போன்ற களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் குடிக்கும், மணல் கலந்த வண்டல் 20 முதல் 30 மி.மீ. குடிக்கும்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசனக் கையேடு மணல்பாங்கான மண்ணுக்கு 30 முதல் 60 செ.மீ. சால் இடைவெளியும், களிமண்ணுக்கு 75 முதல் 150 செ.மீ. இடைவெளியும் சொல்கிறது. என் பார் இரண்டடி, அதாவது 60 செ.மீ. ஒரு சாலை விட்டுவிட்டால் நனைகிற சாலுக்கும் சாலுக்கும் 120 செ.மீ. ஆகிறது. கரிசலுக்கு அது கணக்குக்குள் அடங்குகிறது, செவ்வலுக்கு மேல் வரம்பைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. முதல் போகத்தில் கிழக்கு வயலிலும் இருபது சாலில் முயன்று பார்த்தேன். எட்டாம் நாள் மதியம் இலை சுருட்டிக்கொண்டது, அன்றைக்கே எல்லா மடையையும் திறந்துவிட்டேன்.

கரிசலிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. காய்ந்த சாலை அதிக நாள் விட்டால் மண் வெடிக்கும். வெடிப்பு விழுந்த பிறகு தண்ணீர் விட்டால், மண் ஊறி வெடிப்பு மூடுகிற வரை தண்ணீர் அதற்குள்தான் ஓடும், கடைசி வரை போய்ச் சேராது. ஆகவே மயிரிழை வெடிப்பு கண்ணில் பட்டதுமே மடையை மாற்றிவிடுகிறேன். அப்புறம், முதல் தண்ணீர், அடுத்த சில நாளில் கொடுக்கும் உயிர்த் தண்ணீர் இரண்டையும் எல்லாச் சாலிலும்தான் கொடுக்கிறேன். பூவெடுத்து, கதிரில் பட்டு நூல் விடும் நாட்களிலும் அப்படியே. அந்த நேரத்தில் ஈரம் குறைந்தால் மணி பிடிக்காது, மிச்சம் பிடித்த தண்ணீரால் அதை ஈடுகட்ட முடியாது.

உப்புத் தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். ஈரம் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் உப்பும் போய்ச் சேரும். எல்லாச் சாலிலும் பாய்ச்சும்போது அது பாரின் உச்சியில் பூக்கும், அதனால்தான் விதையைப் பாரின் பக்கவாட்டில் ஊன்றுகிறோம். ஒரே சாலில் தொடர்ந்து பாய்ச்சினால் காய்ந்த பக்கத்துக்கு உப்பு தள்ளப்படும்; மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் அது திரும்பவும் வேர்ப் பக்கம் வரும். எங்கள் கிணறு நல்ல தண்ணீர் என்பதால் இந்தத் தொல்லையை நான் அனுபவிக்கவில்லை. மஞ்சளிலும் கரும்பிலும் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. மக்காச்சோளத்தில் விளைச்சல் குறையவில்லை என்பதும் இரண்டு போகத்துக் கணக்குதான்.

சொட்டு நீர் போடலாமே என்பார்கள். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு முழு மானியம் தருகிறது, செவ்வல் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். எனக்குத் தென்னையில் மட்டும்தான் அதில் பழக்கம். அங்கேயும் இதே கதைதான்: மண் மணலாக இருந்தால் சொட்டுவான்களை நெருக்கமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் கீழே போய்விடும்.

இந்தப் போகம் கிழக்கு வயலில் சாலின் நீளத்தைப் பாதியாக்கி நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறேன். ஒரு சாலுக்குத் தண்ணீர் விடும் மொத்த நேரத்தில் கால் பங்குக்குள் அது கடைசியைத் தொட வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேல் இழுத்தால் தலைமாட்டு மண் அளவுக்கு மீறிக் குடித்து, யூரியாவையும் வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும். நீங்கள் எந்த முறைக்குப் போவதானாலும் முதலில் நாலு சாலில் மட்டும் தண்ணீர் விட்டு, மறுநாள் மண்வெட்டியோடு போய்ப் பாரைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுப்பார் மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா? உதிர்ந்தால் எல்லா மடையும் திறந்தே இருக்கட்டும்.