இரண்டரைக் கிலோ ஏர் ரைபிள்: ஜெர்மன்காரர் இருவர், அமெரிக்கர் ஒருவர்

ஏர் ரைபிள் விளம்பரம் எதைப் பார்த்தாலும் வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நொடிக்கு 1,000 அடி, 1,200 அடி. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, தடித்த குழல், மேலே ஒரு ஸ்கோப். எல்லாம் சேர்த்துத் தூக்கினால் நாலு கிலோ தாண்டும். இந்தக் கூச்சலுக்கு நடுவிலும், மரக்கட்டையும் கருநீல எஃகும் குறிபார்க்கும் இரும்பு சைட்டுமாக இரண்டரைக் கிலோவில் அடங்கிவிடும் பழைய பாணி ரைபிளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைப் பித்தர்கள் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர்கள் பக்கம் இயற்பியலும் இருக்கிறது.

ஸ்பிரிங் ரைபிளில் ட்ரிக்கரை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ளி, கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் காற்றை நெருக்கி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் உதறுகிறது. இத்தனையும் பெல்லட் (சிறு குண்டு) குழலை விட்டு வெளியேறுவதற்குள் தொடங்கிவிடுகிறது. சக்தியைக் கூட்டினால் உதறல் கூடும், எடையைக் குறைத்தாலும் உதறல் கூடும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் குறி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டிஎக்ஸ் 200 அத்தனை புகழ் பெற்றதற்கு அதன் நாலு கிலோ எடையும் ஒரு காரணம். ஆக, ஸ்பிரிங் ரைபிள் இலகுவாகவும் இருக்க வேண்டும், ஒழுங்காகவும் சுட வேண்டும் என்றால் சக்தியைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. ஜெர்மனியில் அதைச் சட்டமே செய்துவிட்டது. அங்கே 7.5 ஜூலுக்குள் இருந்து, ஐங்கோணத்துக்குள் எஃப் முத்திரை பெற்ற ஏர் ரைபிளை 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம். 7.5 ஜூல் என்றால் அரை கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகும். தோட்டத்தில் அட்டைக்குறி சுடுவதற்கு அது தாராளம்.

இந்த எல்லைக்குள் அடங்கும் ரைபிள்களில் முதலில் பேச வேண்டியது வெய்ராவ் எச்டபிள்யூ 30 எஸ். 1899-இல் துரிங்கியாவில் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பவேரியாவின் மெல்ரிச்ஸ்டாட்டுக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது. எடை சுமார் 2.5 கிலோ, நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடும் வகை. மெரினாவில் பலூன் சுட்டவர்களுக்கு அந்த அசைவு கைக்குத் தெரியும். மடக்க ஏறத்தாழ 9 கிலோ விசை போதும் என்பதால் நூறு முறை சுட்டாலும் தோள் வலிக்காது. வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது சுடலாம். அமெரிக்காவில் பீமன் ஆர் 7 என்று விற்றதும் அடிப்படையில் இதே ரைபிள்தான்.

இதில் மயக்குவது ரெக்கார்ட் ட்ரிக்கர். இரண்டு கட்டமாக இழுபடும், திருகை வைத்து எடையை மாற்றிக்கொள்ளலாம். இதே நிறுவனத்தின் பெரிய, விலை கூடிய ரைபிள்களில் இருக்கும் அதே ட்ரிக்கரைத் தன் சின்ன ரைபிளிலும் வைத்திருக்கிறார்கள். சிறியது என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது. முன் சைட் குழாய் வடிவம். உள்ளே செருகும் தகட்டை மாற்றலாம். பின் சைட்டும் உலோகம். குறை சொல்ல வேண்டுமானால் கட்டையைச் சொல்வேன். பீச் மரம், உறுதியானது, ஆனால் பார்க்க வெளிறிய முகம். எண்ணெய் தேய்த்தாலும் வால்நட் ஆகிவிடாது.

அடுத்தது டயானா 27. ராஸ்டாட் நகரத்து மேயர் அண்டு கிராம்மெல்ஷ்பாகர் நிறுவனத்தின் தயாரிப்பு. 1980-களோடு நின்றுவிட்டதால் பழையதாகத்தான் கிடைக்கும். எடை சுமார் 2.6 கிலோ, நீளம் 30 எஸ்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். இதற்குப் பெயர்கள் ஏராளம். போருக்குப் பிறகு நிறுவனத்தின் இயந்திரங்களும் டயானா என்ற பெயர் உரிமையும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கைக்குப் போய்விட்டன. அதனால் ஜெர்மன்காரர்கள் தங்கள் சொந்தத் துப்பாக்கியையே பிரிட்டனில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் வின்செஸ்டர் 427, ஹை-ஸ்கோர் 807. டயானா முத்திரையில் வேட்டைத் தேவதை வில்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஏர் ரைபிளை உயர்த்திப் பிடித்திருப்பாள். அந்தத் தன்னம்பிக்கை எனக்குப் பிடிக்கும்!

அழகைப் பொறுத்தவரை என் ஓட்டு இதற்கே. கட்டை மெலிந்தது, கோடுகள் சுத்தம், தேவைக்கு மேல் ஒரு கிராம் உலோகம் கிடையாது. இதன் ட்ரிக்கரில் மூன்று எஃகுக் குண்டுகள் பிஸ்டன் தண்டைச் சுற்றிப் பிடித்து நிறுத்துகின்றன. சரியாக அமைத்தால் ரெக்கார்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்பக் கோக்கும்போது அந்தக் குண்டுகள் மேசைக்கு அடியில் உருண்டோடும் என்பது வேறு விஷயம். பிஸ்டன் வாஷர் தோல். காய்ந்தால் சக்தி போய்விடும். அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் கேட்கும். தாராளமாக ஊற்றினால் எண்ணெய் பற்றிக்கொண்டு புகையும் வெடிச்சத்தமும் கிளம்பும். இதில் சேஃப்டி இல்லை, 30 எஸ்ஸில் அது தானாகவே விழும். புதிதாகக் கற்பவர் கையில் கொடுப்பதற்கு இந்த ஒரு வித்தியாசமே முடிவைச் சொல்லிவிடும். (எந்த மடக்குத் துப்பாக்கியானாலும், பெல்லட் போடும்போது மறு கை குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவி மூடிக்கொண்டால் விரல் போகும்.)

மூன்றாமவர் கதை வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீனில் பிறந்த ஷெரிடன் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்த 5 மில்லிமீட்டர் துளை ரைபிள், பின்னாளில் ப்ளூ ஸ்ட்ரீக், சில்வர் ஸ்ட்ரீக் என்று பேர் வாங்கியது. பெஞ்சமின் 392-ஐ இதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம், அது 5.5 மில்லிமீட்டர். ஷெரிடனைப் பெஞ்சமினும், 1992-இல் பெஞ்சமினைக் கிராஸ்மனும் வாங்கிவிட்டன. ஸ்பிரிங் கிடையாது, கட்டையின் முன்பகுதியே பம்பின் கைப்பிடி. மூன்று முதல் எட்டு முறை அடித்துக் காற்றேற்ற வேண்டும். உதறல் இல்லை என்பதால் மேலே சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது. அதே இரண்டரைக் கிலோவில் 30 எஸ்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி. நீளமும் குறைவு, 92 சென்டிமீட்டர். பழைய ஷெரிடன்களில் கட்டை அசல் வால்நட்.

அப்படியானால் இதுதானே வெல்ல வேண்டும்? எட்டு முறை அடித்துப் பாருங்கள். முதல் மூன்று சைக்கிள் பம்பு போல இருக்கும், கடைசி இரண்டில் பல்லைக் கடிக்க வேண்டும். ஒரு குண்டுக்கு இவ்வளவு. மதியம் முழுக்கக் குறி பழக நினைப்பவருக்கு இது தண்டனை. ஒரு நாளைக்குப் பத்துக் குண்டு நிதானமாகச் சுடுபவருக்கு மட்டும் இது சுகம். ட்ரிக்கர் சுமார்தான். ஸ்கோப் மாட்டுவதும் சங்கடம். பித்தளைக் குழலையும் பம்புக் குழாயையும் ஈயப்பற்றால் ஒட்டியிருக்கிறார்கள். குழலில் கவ்வியைப் போட்டு முறுக்கினால் அந்தப் பற்று விட்டுப்போகலாம். இரும்பு சைட்டோடு வாழப் பழகினால் பிரச்சினை இல்லை.

பிரிட்டனில் தலைமுறைகளுக்கு முதல் துப்பாக்கியாக இருந்த பிஎஸ்ஏ மீட்டியரையும் (1959) இந்த வரிசையில் சேர்ப்பார்கள். இலகுவானதுதான், ஆனால் அதன் ட்ரிக்கரை இழுத்தவர் 30 எஸ்ஸைத் தொட்டதும் திரும்பிப் பார்க்க மாட்டார். காற்றை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் ஏர் ஆர்ம்ஸ் எஸ் 200 குட்டையானது, துல்லியத்தில் இவை எல்லாவற்றையும் தாண்டும். ஆனால் கூடவே உயர் அழுத்தப் பம்போ சிலிண்டரோ வரும். அப்புறம் எதற்கு இலகு என்ற பேச்சு?

நம் ஊர்க்காரர் ஆசைப்பட்டால் சட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் துளை, 20 ஜூல் என்பதுதான் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்வதற்கான கோடு. அந்தக் கோட்டிலேயே ஷெரிடனும் பெஞ்சமின் 392-உம் துளை அளவால் வெளியே நின்றுவிடுகின்றன. 4.5 மில்லிமீட்டர் 30 எஸ் உள்ளே வருகிறது. பிரிட்டனில் இருப்பவருக்கு எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். மூன்றுமே அதற்குள் அடங்குமா என்று பார்த்தால் பம்பு ரைபிளை அளந்துதான் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து எந்த ஏர் ரைபிளுக்கும் சான்றிதழ் வேண்டும்.

கையில் பணம் இருந்து, ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 30 எஸ். ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் உள்ளவருக்கு டயானா 27. அதை வாங்கப் போனால் முதலில் குழலை மடக்கி, பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். மூடும் இடத்தில் இடைவெளி தெரிகிறதா, குழல் மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது மடக்கிய நிலையில் ட்ரிக்கரைத் தட்டியிருந்தால் அந்த வளைவு வரும். வாஷரும் ஸ்பிரிங்கும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். வளைந்த குழலுக்கு விலையைப் பாதியாகக் கேளுங்கள், தராவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.