வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ண, கேக்க: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (4வது ஜென்) கூட ஷூர் எஸ்எம்58

மொதல்லயே சொல்லிடறேன், நல்ல செட்டு. ஸ்கார்லெட் 2ஐ2ங்கறது மைக்க கம்ப்யூட்டரோட சேக்கற சின்ன பாக்ஸ் (ஆடியோ இன்டர்ஃபேஸ்), எஸ்எம்58 பாடறதுக்கான மைக். வீட்ல உக்காந்து பாடுறவங்க, ஆன்லைன்ல பாட்டு கிளாஸ் எடுக்கறவங்க, பசங்க பாடறத நல்லபடியா பதிவு பண்ணி வச்சுக்கணும்னு நெனைக்கற அப்பா அம்மாக்கள், எல்லாரும் தாராளமா வாங்கலாம். எங்க வீட்ல என் மனைவி கர்நாடக சங்கீதம் சொல்லிக் குடுக்கறாங்க, பாதி ஸ்டூடண்ட்ஸ் வெளிநாட்டுல, அதனால கிளாஸும் இதுலதான், ரெக்கார்டிங்கும் இதுலதான், ராத்திரி எல்லாம் முடிஞ்சப்பறம் நான் பாட்டு கேக்கறதும் இதே பாக்ஸ் வழியாத்தான்.

எஸ்எம்58ன்னு சொன்ன உடனே நெறைய பேர் கேக்கறாங்க, அது மேடை மைக் ஆச்சே, ரெக்கார்டிங்னா சின்ன சத்தத்தையும் புடிக்கற கண்டன்சர் மைக் தானே வாங்கணும்னு. ஆமா மேடை மைக்தான், 1966லேருந்து வந்துட்டிருக்கு, சபா, கோயில் திருவிழா, பட்டிமன்றம் எங்க போனாலும் அந்த உருண்ட வலை தலை போட்ட மைக்தான் நிக்கும். ஆனா நம்ம வீடு ஸ்டூடியோ கெடையாதே. தலைக்கு மேல ஃபேன், ஜன்னலுக்கு வெளிய ஆட்டோ, பக்கத்து வீட்டு குக்கர் விசில், தரை பூரா டைல்ஸ், சுவரெல்லாம் வெறும் சிமெண்ட். இந்த மாதிரி ரூம்ல ஒரு கண்டன்சர் மைக்க கொண்டு வந்து ஒரு அடி தள்ளி வச்சு பாடினா, பாட்டோட சேத்து வீடே ரெக்கார்ட் ஆகும்.

இதுல ஒரு விஷயத்த தெளிவா புரிஞ்சுக்கணும், ஏன்னா கடைக்காரங்க கூட தப்பா சொல்றாங்க. எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் வெளி சத்தத்த "வடிகட்டிடும்"னு எல்லாம் ஒண்ணும் கெடையாது. எல்லாமே தூரம்தான். தூரத்த பாதியாக்கினா குரல் 6 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) ஏறும், ரூம் சத்தம் அப்படியேதான் இருக்கும். ஒரு அடி தள்ளி இருந்தவங்க ரெண்டு இன்ச்சுக்கு வந்தா கிட்டத்தட்ட 15 டிபி லாபம், அவ்ளோதான் ரகசியம். கண்டன்சரையும் ரெண்டு இன்ச்ல வச்சு பாடலாமேன்னு கேட்டா, பாடலாம், ஆனா ப வர எடத்துல எல்லாம் புஸ்ஸுனு காத்து அடிக்கும், மூச்சு சத்தம், எச்சில் சத்தம் கூட தனித்தனியா கேக்கும். எஸ்எம்58 வாய் கிட்ட வச்சு பாடறதுக்குன்னே செஞ்ச மைக், உள்ளயே ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கு, கிட்ட போனா கொஞ்சம் பேஸ் கூடும், அத தவிர பிரச்சனை இல்ல.

சரி, அப்ப எல்லாரும் ஏன் இத செய்யறதில்லன்னா, கெய்ன், அதாவது மைக் சிக்னல பாக்ஸ் பெருக்கிக் குடுக்கற அளவு. இந்த மைக் குடுக்கற சிக்னல் ரொம்ப சின்னது. கணக்கு பாத்தா ஒரே அளவு சத்தத்துக்கு (ஒரு பாஸ்கல் அழுத்தம்) எஸ்எம்58 1.85 மில்லிவோல்ட் குடுக்குது, ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 மாதிரி ஒரு சாதாரண கண்டன்சர் 14 மில்லிவோல்ட் கிட்ட குடுக்கும். மேடைல கத்தி பாடினா போதும், வீட்ல மெதுவா மந்த்ர ஸ்தாயில ஒரு ஆலாபனைய ஆரம்பிச்சா சின்ன இன்டர்ஃபேஸ்ல எல்லாம் கெய்ன முழுசா திருப்பினாலும் பத்தாது, அப்பறம் எடிட் பண்ணும்போது சத்தம் ஏத்தினா கூடவே ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் ஏறும். இங்கதான் இந்த 2ஐ2 கைகொடுக்குது. போன ஜெனரேஷன்ல (2019ல வந்தது) கெய்ன் ரேஞ்ச் 56 டிபி, 2023ல வந்த இந்த 4வது ஜென்ல 69 டிபி. கீழ் பஞ்சமத்துல அசைஞ்சு நிக்கற எடம் கூட சுத்தமா விழுது, கெய்ன முழுசா திருப்ப வேண்டிய அவசியமே வரல.

கவனிங்க, இதே 4வது ஜென்ல சோலோன்னு ஒரு சின்ன மாடல் இருக்கு, வெல கம்மின்னு அத எடுத்துடாதீங்க. அதுல 57 டிபிதான், கீழ சொல்லப் போற ஆட்டோ கெய்னும் கெடையாது. கண்டன்சர் வச்சிருக்கறவங்களுக்கு சோலோ ஓகே, எஸ்எம்58க்கு 2ஐ2தான்.

ஆட்டோ கெய்ன் பத்தி. பட்டன அமுக்கிட்டு பத்து செகண்ட் பாடினா அதுவே லெவல் செட் பண்ணிக்கும். ஆனா பாடுறவங்க எல்லாரும் அந்த பத்து செகண்ட்ல "ஸ... ப... ஸ..."ன்னு அடக்கமா பாடறாங்க, அத கேட்டு அது கெய்ன ஏத்தி வச்சுடும், அப்பறம் கச்சேரி சூடு புடிச்சு மேல் ஷட்ஜத்துல கார்வை குடுக்கும்போது செவப்பு லைட் எரியும். அந்த பத்து செகண்ட்ல மேல் ஸ்தாயில முழு குரல்ல பாடணும், ஸ்வரம் பாடறப்ப எவ்ளோ வேகத்துல அடிப்பீங்களோ அப்படி. கிளிப் சேஃப்னு இன்னொண்ணு இருக்கு, சிக்னல் தாண்டப் போகுதுன்னா தானா கெய்ன எறக்கிடும், கிளாஸ் எடுக்கும்போது ஆன்ல இருக்கட்டும், நிம்மதியா இருக்கும். சீரியஸா ரெக்கார்ட் பண்ணும்போது நாங்க அத ஆஃப் பண்ணிட்டு உச்சத்துல மைனஸ் 12 டிபி வர மாதிரி எடம் விட்டு வச்சுக்கறோம், 24 பிட் ரெக்கார்டிங்ல அவ்ளோ எடம் விட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது.

ஏர்னு ஒரு பட்டன். குரலுக்கு மினுமினுப்பு சேக்கும். சினிமா பாட்டு கவர் பண்றவங்களுக்கு புடிக்கலாம், ஆனா எஸ்எம்58லயே 4, 5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தூக்கல் இருக்கு, அதுமேல இதையும் போட்டா ஸ, ஷ எல்லாம் ஊசி மாதிரி குத்துது. நாங்க தொடறதில்ல.

இப்ப ரூமுக்கு வரேன், பெட்டியவிட இதுதான் முக்கியம். எங்க பெட்ரூம்ல ஒரு ஸ்டீல் பீரோ. ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்துல நின்னு பாடினா அந்த பீரோ கதவு கூடவே "ங்ங்"னு பாடும், நேர்ல காதுக்கு தெரியாது, ஹெட்ஃபோன் போட்டு கேட்டா மட்டும்தான் தெரியும். கதவு இடுக்குல மடிச்ச துணி வச்சு இறுக்கி சாத்தினதும் நின்னுடுச்சு. உங்க வீட்லயும் பாருங்க, பீரோ, ஜன்னல் கண்ணாடி, சாமி ஷெல்ஃப் மேல இருக்கற வெண்கல மணி, ஏதாவது ஒண்ணு கூட பாடும். அப்பறம் பாடுறவங்களுக்கு பின்னால சுவர்ல ஒரு இலவம்பஞ்சு மெத்தைய நிறுத்தி வைங்க. நெறைய பேர் மைக்குக்கு பின்னால போடறாங்க, ஆனா எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக் முன்பக்கம்தான கேக்குது, பாடுறவங்க முதுகுக்கு பின்னால இருந்து திரும்பி வர எதிரொலிதான் நேரா உள்ள போகும். கீழ ஜமுக்காளம். முட்டை அட்டைய சுவர்ல ஒட்டறத விட்டுடுங்க, பிரயோஜனம் இல்ல. ஃபேன ஆஃப் பண்ணித்தான் ஆகணும், வேற வழி இல்ல, ஏசி இருந்தா முன்னாடியே போட்டு ரூம குளுர வச்சுட்டு பாடும்போது நிறுத்திடுங்க.

உய்ய்ய்னு ஒரு ஹம் வந்தா பாக்ஸ் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி லேப்டாப் சார்ஜர புடுங்கிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா எர்த் பிரச்சனை, மூணு பின் சார்ஜர ஒழுங்கா எர்த் இருக்கற பாயிண்ட்ல சொருகணும், அது வரைக்கும் பேட்டரிலயே ரெக்கார்ட் பண்ணுங்க. கரண்ட் போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போது ரெக்கார்டிங் வேண்டவே வேண்டாம், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா எல்லாத்துலயும் ஒரு கரகரப்பு ஏறும்.

ஆன்லைன் கிளாஸ் எடுக்கறவங்களுக்கு ஒரு தனி விஷயம். தம்புரா போட்டா அந்தப் பக்கம் கேக்கவே மாட்டேங்குது, குரலும் விட்டு விட்டு வருதுன்னு பாட்டு டீச்சருங்க எல்லாரும் பொலம்பறாங்க. காரணம் நெட்டு இல்ல. வீடியோ கால் ஆப் எல்லாம் ஒரே மாதிரி தொடர்ந்து வர சத்தத்த ஃபேன் சத்தம்னு நெனச்சு அமுக்கிடும், தம்புரா அதுக்கு ஃபேன் மாதிரிதான், நீண்ட கார்வையும் அப்படித்தான். ஜூம்ல ஆடியோ செட்டிங்ஸ்ல "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"னு இருக்கும், அத ஆன் பண்ணிட்டு மைக்கா ஸ்கார்லெட்ட செலக்ட் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் ஹெட்ஃபோன் போட்டுட்டா எக்கோ கேன்சலேஷனையும் ஆஃப் பண்ணிடலாம். கமகம் எல்லாம் அப்படியே போகுது, "டீச்சர் இன்னிக்கு பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கு"ன்னு ஒரு பொண்ணு சொன்னப்ப மனைவி மொகத்த பாக்கணுமே.

ரெக்கார்ட் பண்ணும்போது தம்புரா ஸ்பீக்கர்ல ஓடக் கூடாது, ஹெட்ஃபோன்ல மட்டும் ஓடட்டும். லேப்டாப்ல தம்புரா ஆப் ஓட விட்டு லூப்பேக் (கம்ப்யூட்டர்ல ஓடற சத்தத்தயே திரும்ப ரெக்கார்ட் பண்ற வசதி) வழியா அத தனி ட்ராக்கா புடிச்சுக்கலாம், அப்பறம் குரலுக்கு எவ்ளோ சுருதி வேணுமோ அவ்ளோ வச்சுக்கலாம். டைரக்ட் மானிட்டர் பட்டன போட்டா நம்ம குரல் கம்ப்யூட்டருக்கு போகாம நேரா காதுக்கு வந்துடும், தாமதம் தெரியாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், குரல் 100, 200 மில்லிசெகண்ட் கழிச்சு வந்தா யாராலயும் தாளத்துல பாட முடியாது. சாம்பிள் ரேட்ட 192 கிலோஹெர்ட்ஸ்ல வைக்கற ஆசையும் வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவுல ஒரு மணி நேரத்துக்கு 520 எம்பி கிட்ட ஆகும், 192ல போட்டா 2 ஜிபி தாண்டும், கேக்கறதுல வித்தியாசம் இருக்காது. சாஃப்ட்வேருக்கு ரீப்பர் போட்டுக்கோங்க, 60 நாள் சும்மா யூஸ் பண்ணலாம், லைசன்ஸும் 60 டாலர்தான்.

கேக்கறதுக்கு எப்படின்னா, ஹெட்ஃபோன் அவுட்புட் நல்லாவே இருக்கு. ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் ஹெட்ஃபோன் 38 ஓம்தான், சுலபமா ஓட்டுது. 250 ஓம் பேயர்டைனமிக் மாதிரி போட்டா குமிழ ரொம்ப தூரம் திருப்பணும், அதனால அதுலயே 80 ஓம் எடுங்க. மூடின வகை ஹெட்ஃபோனா இருக்கறது அவசியம், இல்லன்னா தம்புரா கசிஞ்சு மைக்ல விழும். ஸ்பீக்கருக்கு யமஹா எச்எஸ்5 வச்சிருக்கேன், விலை பாக்கும்போது ஜோடிக்கா ஒண்ணுக்கான்னு கேட்டுக்கோங்க, தனித்தனியா விக்கறாங்க. அஞ்சு இன்ச் கோன், 54 ஹெர்ட்ஸ் வரைக்கும் எறங்கும், சினிமா பாட்டு அதிரணும்னு நெனைக்கறவங்களுக்கு பத்தாது. ஆனா மிருதங்கத்துல மீட்டுக்கும் சாப்புக்கும் உள்ள வித்தியாசம், தொப்பில விரல் அழுத்தி குமுக்கி குடுக்கற அந்த ஊசலாட்டம், வயலின் குரலுக்கு பின்னாடியே நிழலா வர எடம், இதெல்லாம் இவ்ளோ தெளிவா எங்கயும் கேட்டதில்ல. பழைய மோனோ ரெக்கார்டிங் கேட்டா இரைச்சலும் தெரியும்தான், ஆனா அதுக்கு நடுவுல பாடகர் மூச்சு எடுக்கற எடம் வரைக்கும் தெரியுது. நம்ம ரூம்ல சுவர் ஓரமாத்தான் வைக்க முடியும்கறதால பின்னாடி ரூம் கண்ட்ரோல் சுவிட்ச மைனஸ் 2ல, மூலையா இருந்தா மைனஸ் 4ல போடுங்க, கொளகொளன்னு இருக்கற பேஸ் அடங்கும். ட்வீட்டர் (மேல இருக்கற சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வரணும்.

கொறைன்னா, மைக் சொருகற எடம் பின்னாடி போயிடுச்சு, போன ஜென்ல முன்னாடியே இருந்துச்சு, கிளாஸுக்கும் ரெக்கார்டிங்குக்கும் கேபிள் மாத்தறவங்களுக்கு எரிச்சலா இருக்கும். ஹெட்ஃபோன் ஜாக் ஒண்ணே ஒண்ணு, பாடுறவங்களும் மிருதங்கக்காரரும் சேந்து கேக்கணும்னா தனியா ஒரு ஸ்ப்ளிட்டர் வேணும். மைக்க சொருகற எக்ஸ்எல்ஆர் கேபிள் பாக்ஸ்ல வராது, சேத்து வாங்குங்க.

வீணைக்கு இந்த மைக் வேண்டாம், அதுக்கு ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி வைக்கற கண்டன்சர்தான் சரி, கண்டன்சருக்கு வேண்டிய 48 வோல்ட் இந்த பாக்ஸ்லயே இருக்கு. மிருதங்கத்துக்கு ரெண்டு இன்புட்டையும் வச்சு வலந்தலைக்கு ஒண்ணு தொப்பிக்கு ஒண்ணுன்னு ஷூரோட எஸ்எம்57 மைக் போட்டா அருமையா வருது. கடைசியா எஸ்எம்58ல டூப்ளிகேட் ஊர் பூரா சுத்துது, பாதி விலைக்கு கெடைச்சா ஒரிஜினல் கெடையாது. அங்கீகரிச்ச டீலர்கிட்ட பில்லோட வாங்குங்க, வாங்கினதும் சமையல்கட்டு தராசுல வச்சுப் பாருங்க, ஒரிஜினல் மைக் 298 கிராம் இருக்கும், ரொம்ப லேசா இருந்தா அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க.