நகலா, முகவரியா: சி++ கம்பைலருக்கு எது வசதி?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பதில்களில் இதுவும் ஒன்று: "கான்ஸ்ட் ரெஃபரன்ஸில் அனுப்பினால் காப்பி ஆகாது, அதனால் வேகம்." ஃபங்க்ஷனுக்கு ஒரு மதிப்பின் நகலைக் கொடுத்தால் அது வேல்யூ, மதிப்பு இருக்கும் இடத்தையே காட்டினால் ரெஃபரன்ஸ், அதன் வழியாக மாற்றக்கூடாது என்று பூட்டினால் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ். காப்பி ஆகாது என்பது சரி. அதனால் வேகம் என்பதுதான் இடிக்கிறது.

வேல்யூவை முதலில் பார்த்துவிடுவோம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஃபங்க்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளில், அதாவது ஆர்க்யுமென்ட்டுகளில், முதல் ஆறு முழு எண்கள் நேராக ரிஜிஸ்டரில் போய்விடும். ரிஜிஸ்டர் என்பது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான இடம். பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்ட் எளியதாக, 16 பைட்டுக்குள் அடங்கினால் அதுவும், இரண்டு லாங் எண் கொண்டது என்று வையுங்கள், இரண்டு ரிஜிஸ்டரில் ஏறிவிடும். மெமரியைத் தொடும் வேலையே இல்லை. விண்டோஸில் கணக்கு வேறு: 1, 2, 4, 8 பைட் அளவுள்ள ஸ்ட்ரக்டுக்கு மட்டும்தான் ரிஜிஸ்டர், மற்றவற்றுக்கு ஒரு நகல் எடுத்து அதன் முகவரி போகும்.

ரெஃபரன்ஸ் என்பது கடைசியில் ஒரு முகவரிதான். இன்லைன் ஆகாத, அதாவது கூப்பிட்ட இடத்திலேயே உடல் பதிக்கப்படாத ஃபங்க்ஷனில், முகவரியை வைத்திருக்கும் மாறியான பாயிண்டருக்கும் ரெஃபரன்ஸுக்கும் மெஷின் கோடில் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெஃபரன்ஸ் எதையும் காட்டாத வெற்று முகவரியாக (null) இருக்காது என்று, நிரலை மெஷின் கோடாக்கும் கம்பைலர் நம்பிக்கொள்ளும், அவ்வளவே.

சிக்கல் லூப்பில் வருகிறது. காசிமேடு மீன் ஏலத்துக்கு பில் போடுகிற நிரல் ஒன்று எழுதுகிறோம். எடைகள் ஒரு இன்ட் (முழு எண்) வரிசையில் இருக்கின்றன. கிலோ விலை கான்ஸ்ட் இன்ட் ரெஃபரன்ஸாக வருகிறது. ஒவ்வொரு எடையையும் விலையால் பெருக்கி அதே இடத்தில் எழுதுகிறோம். வரிசை 3, 5, 2. விலையாக யாராவது அந்த வரிசையின் முதல் எண்ணையே கொடுத்துவிட்டால்? முதல் சுற்றில் 3 இருந்த இடம் 9 ஆகும். அதோடு விலையும் 9 ஆகிவிடும். விடை 9, 45, 18. வேல்யூவில் அனுப்பியிருந்தால் 9, 15, 6. இப்படி யார் கொடுப்பார்கள் என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம், கம்பைலருக்கு அந்த உரிமை இல்லை. விலையை ஒவ்வொரு சுற்றிலும் மெமரியிலிருந்து மறுபடி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு முகவரியும் மோதுகின்றனவா என்று முதலில் சோதித்துவிட்டு, மோதாதபோது ஓட்ட வேகமான லூப் ஒன்றைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

"அதான் கான்ஸ்ட் போட்டாச்சேண்ணா, அப்புறம் எப்படி மாறும்?" என்று கேட்பார்கள். இந்தப் பெயர் வழியாக மாற்ற மாட்டேன் என்பதுதான் கான்ஸ்ட். வேறு வழியாக மாறாது என்று அது எங்கும் சொல்லவில்லை.

எடை வரிசை ஃப்ளோட்டாக (தசம எண்) இருந்தால் கம்பைலர் தப்பித்துக்கொள்ளும். வகை வேறு என்பதால் மோதாது என்று எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கேரக்டர் வரிசைக்கு அந்தச் சலுகை இல்லை, அது எதன் மேலும் படியலாம். இந்த முகவரி வேறெதோடும் மோதாது என்று நாமே வாக்குக் கொடுக்க, சி மொழியில் 1999 தரத்திலிருந்து ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் உண்டு. சி++ தரத்தில் கிடையாது, ஆனால் ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் தங்கள் பாணியில் தருகின்றன. எனக்குப் பிடித்தது அதைவிட எளிது: லூப்புக்கு முன்னால் விலையை ஒரு லோக்கல் மாறியில் வாங்கிக்கொள்வது.

கூப்பிடுகிற பக்கமும் அடி வாங்கும், இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஒரு லோக்கல் மாறியின் முகவரியை, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத ஃபங்க்ஷனுக்குக் கொடுத்தால் மாறி மெமரியில் இருந்தே ஆக வேண்டும். அழைப்பு முடிந்ததும் மதிப்பை மறுபடி படிக்க வேண்டும். ரெஃபரன்ஸில் கான்ஸ்ட் இருந்தாலும் இதே கதைதான். மாறியே கான்ஸ்டாக அறிவிக்கப்படாதவரை, உள்ளே கான்ஸ்டைக் கழற்றிவிட்டு மாற்றுவது சட்டப்படி செல்லும்.

இத்தனையும் ஃபங்க்ஷனின் உடல் கண்ணில் படாதபோதுதான். இன்லைன் ஆகிவிட்டால் வேல்யூ, ரெஃபரன்ஸ் என்ற சண்டையே இல்லை. விலை ஒரு தனி லோக்கல் மாறியாக இருந்தால் அது தெரிந்துவிடும், மோதல் சந்தேகமும் போய்விடும். இன்லைன் ஆகாவிட்டாலும், வேறு ஃபைலிலிருந்து கூப்பிட முடியாத ஸ்டாட்டிக் ஃபங்க்ஷன் என்றால் கம்பைலரே ரெஃபரன்ஸை வேல்யூவாக மாற்றி எழுதும். ஜிசிசியில் இதற்கு ஐபிஏ எஸ்ஆர்ஏ என்று பெயர், ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையைப் போட்டாலே வரும். கிளாங்குக்கு அடியில் இருக்கும் எல்எல்விஎம் இதை ஆர்க்யுமென்ட் ப்ரமோஷன் என்கிறது. ஆனால் படிப்பதற்கு முன் அந்த இடத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது என்று உறுதியாக வேண்டும், அதனால் நம் ஏல லூப்பில் இது எடுபடாது. ஃபைல்களுக்கு நடுவே இந்தப் பார்வை வேண்டுமென்றால் ஃபைல்களை ஒன்றாகக் கோக்கும்போது நடக்கிற லிங்க் நேர ஆப்டிமைசேஷனை இயக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது? இன்ட், டபுள், 16 பைட்டுக்குள் உள்ள எளிய ஸ்ட்ரக்ட் எல்லாம் வேல்யூவில்தான் என்பேன். ஸ்ட்ரிங், வெக்டர் போன்றவற்றுக்குத் தயங்காமல் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ். அங்கே காப்பி என்றால், நிரல் ஓடும்போது மெமரி கேட்டு வாங்கும் ஹீப்பில் இடம் கேட்கும் செலவும் சேரலாம். சைஸை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது: ஒரு பொருளைத் தனக்கு மட்டும் சொந்தமாக வைத்திருக்கும் யுனிக் பாயிண்டர் பெரும்பாலும் 8 பைட்தான், ஆனாலும் அது அழியும்போது ஓடும் டிஸ்ட்ரக்டர் இருப்பதால் லினக்ஸில் அது வேல்யூவாகப் போனால்கூட ரிஜிஸ்டரில் ஏறாது, மெமரி வழியாகத்தான் போகும்.