பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி: நேரிலா, வீடியோவிலா, செயலியிலா, வீட்டாராலா?

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார் அநேகமாக எல்லோரும் கேட்பது இதுதான்: “பிசியோதெரபிக்கு நேரில் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டுமா? வீடியோ காலில் செய்தால் ஆகாதா? இதற்கு ஆப் எல்லாம் வந்துவிட்டதாமே, அது போதாதா?”

நியாயமான கேள்வி. கை கால் விளங்காத ஒருவரை எழுப்பி, உடை மாற்றி, வண்டியில் ஏற்றி இறக்கி, காத்திருந்து, முக்கால் மணி நேரப் பயிற்சியை முடித்துத் திரும்பக் கூட்டி வருவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அவரும் களைத்துவிடுவார், கூட்டிப்போனவரும் களைத்துவிடுவார். “நாளைக்குப் போய்க்கொள்ளலாம்” என்று ஒரு நாள் தள்ளிப்போடுவார்கள், அப்புறம் போவதே நின்றுவிடும். உடல் வேகமாகத் தேறிவரும் முதல் சில மாதங்களில் இப்படி நின்றுபோவதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. அதனால் தொலைவிலிருந்து தரும் சிகிச்சையை இரண்டாந்தரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் நேரலை வீடியோ, தானாகச் செய்யும் செயலி, வீட்டார் கையில் ஒப்படைப்பது ஆகிய மூன்றையும் ஒன்றுபோலப் பேசுவதும் சரியில்லை.

எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான். ஒரு நாளில் அந்தப் பலவீனமான கையோ காலோ உண்மையில் எத்தனை முறை வேலை செய்கிறது? ஒரு பயிற்சி சுலபமாகிவிட்டால், அடுத்த படிக்கு ஏற்றுவது யார்?

எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? மூளையில் சேதமான பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் கற்றுக்கொள்ள, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான முறை அசைவு தரப்பட்டது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக் கூடங்களில் நேரில் நடந்த 312 அமர்வுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். பொருளை எடுப்பது, வைப்பது போன்ற பயனுள்ள கை வேலை ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்திருந்தது. நேரில் போவதாலேயே போதுமான பயிற்சி கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக முதல் நாளிலிருந்தே போட்டு வருத்துவதும் தவறு. 2,104 பேரை வைத்து நடந்து 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள். இங்கே நாம் பேசுவது அந்த ஆரம்ப நாட்களைப் பற்றி இல்லை. நிலைமை சீராகி, வீடு வந்த பிறகான காலத்தைப் பற்றி.

நேரில் போவதும் நேரலை வீடியோவும்

கைப் பயிற்சியைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த நல்ல ஆய்வு 2019-இல் வெளியானது. அமெரிக்காவில் 11 இடங்கள், 124 பேர். இரு தரப்புக்கும் ஆளுக்கு 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 70 நிமிடம். அமர்வுகளில் பாதி தெரபிஸ்டின் மேற்பார்வையில், மீதி தானாக. கை அசைவை மதிப்பிடும், 66 புள்ளிகள் கொண்ட ஃபூகல்-மேயர் அளவீட்டில் கூடத்துக்கு வந்தவர்கள் சராசரியாக 8.36 புள்ளி முன்னேறினார்கள். வீட்டிலிருந்தே செய்தவர்கள் 7.86. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைக் காட்டி “ஆப் போதும், ஆராய்ச்சியே சொல்லிவிட்டது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வீட்டுப் பயிற்சியை வகுத்தது தெரபிஸ்ட். பாதி அமர்வுகளில் அவர் திரையில் இருந்தார். கருவிகளை ஆய்வாளர்களே வீட்டில் கொண்டுவந்து அமைத்தார்கள். பங்கேற்றவர்களும் கையில் ஓரளவு அசைவு திரும்பியிருந்தவர்கள். அளவும் மேற்பார்வையும் சமமாக இருந்ததால் பலனும் சமமாக வந்தது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 22 ஆய்வுகளையும் 1,937 பேரையும் சேர்த்துப் பார்த்தது. அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளும் திறனில் தொலைச் சிகிச்சைக்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றது. ஆனால் ஆதாரத்தின் வலு நடுத்தரமோ அதற்கும் குறைவோதான் என்பதையும் சேர்த்தே சொன்னது.

வீடியோவில் எது தவறிப்போகும் என்பதற்கு ஓர் உதாரணம். மேசைமேல் இருக்கும் டம்ளரை எடுக்கச் சொல்கிறார் தெரபிஸ்ட். கேமரா நேர் எதிரே இருக்கிறது. கை நீள்கிறது, டம்ளரைத் தொடுகிறது, வீட்டார் கை தட்டுகிறார்கள். அதே போனைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பாருங்கள். முழங்கை மடங்கியது மடங்கியபடியே இருக்கிறது. அவர் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, தோளைக் காதுவரை தூக்கி, உடம்பையே டம்ளரிடம் கொண்டுபோயிருக்கிறார். நேரில் என்றால் தெரபிஸ்ட் ஒரு கையை மார்பில் வைத்து உடலைத் தடுத்துவிட்டு, “இப்ப முழங்கையை மட்டும் நீட்டுங்க” என்பார். வீடியோவில் அந்தக் கை வீட்டில் உள்ள ஒருவருடையதாக இருக்க வேண்டும், அல்லது முதுகு நாற்காலியை விட்டு விலகாதபடி ஒரு பட்டை கட்ட வேண்டும். நல்ல தெரபிஸ்ட் முதல் வீடியோ அமர்வில் பாதியைப் போனை எங்கே வைப்பது, நாற்காலியை எந்தச் சுவரோரம் போடுவது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கே செலவழிப்பார். நேரம் வீணாகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. தசை இறுக்கம் அதில் முதன்மையானது. விரல்கள் மடங்கியிருப்பது திரையில் தெரியும். அவற்றை விரித்தால் எவ்வளவு எதிர்ப்பு வருகிறது, சென்ற மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பது கைக்குத்தான் தெரியும். தோள் மூட்டு இறங்கியிருப்பதும் அப்படியே.

சில விஷயங்களுக்கு நேரில் போவதைத் தவிர வேறு வழியை நான் சொல்லமாட்டேன். விழுங்கும்போது புரையேறுகிறவர்கள், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாதவர்கள், பயிற்சியின்போது தோளில் வலி வருகிறவர்கள். அப்புறம், உடலின் ஒரு பக்கம் இருப்பதையே மூளை கவனிக்காமல் விடுகிறவர்கள். அப்படிப்பட்டவருக்குத் திரையில் அந்தப் பக்கத்துப் பாதியும் இல்லாததுபோலத்தான். அங்கே காட்டுவதை அவர் பார்க்கமாட்டார், பார்க்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

நடைப் பயிற்சிக்குத் தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவது என்ற வழியும் இருக்கிறது. 2011-இல் வெளியான லீப்ஸ் ஆய்வு, உடல் எடையைக் கயிற்றில் தாங்கும் ட்ரெட்மில் பயிற்சியையும் தெரபிஸ்ட் வீட்டில் வந்து படிப்படியாகத் தரும் பயிற்சியையும் 408 பேரிடம் ஒப்பிட்டது. ஓராண்டில் பாதிக்குச் சற்று மேலானோர் நடையில் முன்னேறினார்கள். இயந்திரத்தால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. எனவே காலுக்கும் சமநிலைக்கும், கூடத்துக்குப் போக முடியாவிட்டால், வீடியோவுக்கு முன்னால் வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் கிடைப்பாரா என்று கேளுங்கள். திரைக்கு அப்பால் இருப்பவரால் விழுகிற ஒருவரைப் பிடிக்க முடியாது.

செயலிகளும் விளையாட்டுகளும்

அசைவை உணரும் கேமரா, கையில் மாட்டும் சென்சார், கண்ணை மூடும் ஹெட்செட் என்று இந்தப் பக்கம் கவர்ச்சி அதிகம். சலிப்பில்லாமல் பலமுறை செய்ய வைப்பதும் எண்ணிக்கையைக் குறித்து வைப்பதும் இவற்றின் உண்மையான பலம். அந்தப் பலம் சின்னதல்ல. ஆனால் விளையாட்டு என்பதாலேயே மூளைக்கு ஏதோ விசேஷமாக நடக்கிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை. 2016-இல் வெளியான எவ்ரெஸ்ட் ஆய்வில் 141 பேரில் ஒரு பாதியினர் வீடியோ கேம் கருவியில் விளையாடினார்கள். மறு பாதியினர் சீட்டாட்டம், கட்டை அடுக்குவது போன்ற எளிய பொழுதுபோக்குகளில் கையைப் பயன்படுத்தினார்கள். முன்னேற்றம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றே. பணம் இல்லை என்பதற்காக யாரும் மனம் தளர வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

செயலியின் பலவீனம் என்னுடைய இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அது மதிப்பெண்ணைப் பார்த்துப் படியை ஏற்றும். உடம்பைச் சாய்த்து ஏமாற்றி எடுத்த மதிப்பெண்ணுக்கும் ஏற்றிவிடும்.

பேச்சு இழந்தவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பிரிட்டனில் 278 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பிக் காக்டஸ் ஆய்வில், கணினியில் தாமே பழகியவர்கள், பயிற்சி எடுத்த சொற்களைத் தேடிச் சொல்வதில் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அந்த முன்னேற்றம் அன்றாட உரையாடலுக்குள் வரவில்லை. ஆகவே சொற்களுக்குச் செயலி, பேசுவதற்கு மனிதர். பேச்சுப் பயிற்சி நேரலை வீடியோவுக்கு மிகவும் ஒத்துவரும், முகமும் உதடும் பெரிதாகத் தெரிவதால். வீட்டாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அவர் சொல்லைத் தேடும்போது பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். திரைக்கு முன் அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் பயிற்சி நடப்பதே அந்த மௌனத்தில்தான்.

வீட்டார் கையில் ஒப்படைப்பது

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு தரப்புக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு தரப்பில் அதோடு, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களே தொடர்ந்து செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்த்து இரு தரப்பிலும் 47 சதவீதம். வீட்டாரின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அவர்கள் இல்லாமல் தொலைச் சிகிச்சை எதுவும் நடக்காது. ஆனால் ஒரு தொழிலாகக் கற்று வந்தவர் செய்ய வேண்டியதை, ஏற்கெனவே இரவெல்லாம் கண்விழித்திருக்கும் மனைவியிடமோ மகனிடமோ முழுதாக இறக்கிவைப்பது நியாயமும் இல்லை. கணவனுக்கு மனைவி பயிற்சியாளராகிவிட்டால் அவர்களுக்குள் பேச்சே “செய்தீர்களா, செய்யவில்லையா” என்று சுருங்கிவிடும் வீடுகளும் உண்டு. வீட்டார் நிற்கட்டும், பிடிக்கட்டும், எண்ணட்டும். படியை ஏற்றுவதும் இறக்குவதும் தெரபிஸ்டின் வேலையாகவே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், கையில் கொஞ்சம் அசைவு வந்துவிட்ட, சொல்வது புரிகிற ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நேரலை அமர்வு, மற்ற நாட்களில் செயலியோ காகிதத்தில் எழுதிய பட்டியலோ, இடையிடையே நேரில் ஒரு பரிசோதனை. நிற்பதற்கும் நடப்பதற்கும் போராடுகிறவருக்கு நேரில் போவது, அல்லது வீட்டுக்கு வரவழைப்பது. கைக்கும் பேச்சுக்கும் மட்டும் வீடியோ. செயலி மட்டும் என்ற திட்டத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நீங்கள் சேரப்போகும் சேவையில், பதிவான எண்ணிக்கையைத் தெரபிஸ்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார், நாங்கள் இரண்டு நாள் விட்டுவிட்டால் யார் கூப்பிடுவார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

இரண்டு வாரமாக ஒரே பயிற்சி ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தாலோ, கை முன்பைவிட இறுகினாலோ, ஒருமுறை விழுந்தாலோ, அடுத்த வீடியோ அமர்வுக்குக் காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். பயிற்சிக்கு நடுவே புதிதாக முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ, அழைப்பை வைத்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று டாக்டர் கேட்பார், கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.