இரட்டை நெக் கிடார்: நாள்பட வாசித்தால் தெரிபவை

எல்லோரும் முதலில் கேட்பது எடையைத்தான். ஒரே உடலில் மேலே 12 கம்பி நெக் (கழுத்து), கீழே ஆறு கம்பி நெக் கொண்ட கிப்சன் இடிஎஸ்-1275 ஏறத்தாழ 6 கிலோ வரும். சாதாரண எலெக்ட்ரிக் கிடார் மூன்றரை, நான்கு கிலோ. 3 அங்குலத்துக்குக் குறையாத ஸ்ட்ராப்பும், அது கழலாமல் பிடிக்கும் ஸ்ட்ராப் லாக்கும் போட்டால் தோள் பழகிவிடும். பழகாதது, சும்மா இருக்கும் நெக் போடும் சத்தம்.

கீழே ஆறு கம்பியில் வாசிக்கும்போது மேலே உள்ள 12 கம்பிகளும் கூடவே அதிரும். போதாததற்கு வலது முன்கை வேறு அவற்றில் உரசும். எந்த நெக் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சான நெக் செலக்டர் நடுவில் நின்றுவிட்டால், இரண்டு நெக்கின் பிக்அப்களும் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகங்கள்) வேலை செய்யும். கெயினை (ஆம்பில் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் ஊளைதான். சும்மா இருக்கும் நெக்கின் முதல் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகத் தண்டு) அருகே துணிப்பட்டை சுற்றினால் அடங்கும். ஆனால் பாட்டின் நடுவே நெக் மாற்றுகிறவருக்கு அதைக் கழற்ற நேரமேது? செலக்டரைக் கடைசிவரை தள்ளும் பழக்கம் கைக்கு வந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஒரே அவுட்புட் ஜாக். ஆறு கம்பி லீடுக்கு (தனி மெட்டுக்கு) வைத்த டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்டில்) 12 கம்பி கார்டை அடித்தால் ஒரே கூழாகிவிடும். ஈகிள்ஸ் குழுவில் வாசித்த டான் ஃபெல்டர் தன் வெள்ளை இடிஎஸ்-1275-இல் இரண்டாவது ஜாக் பொருத்தி, 12 கம்பி நெக்கைத் தனி ஆம்புக்குக் கொண்டுபோனார். அந்த மாற்றத்தைச் செய்த பிறகே இந்தக் கருவி முழுதாகப் பயன்படுகிறது. செய்யாதவரை, நெக் மாற்றும் நொடியிலேயே காலால் டிஸ்டார்ஷன் பெடலையும் அணைக்க வேண்டும்.

மொத்தம் 18 கம்பி. 12 கம்பி நெக்கில் கம்பிகள் ஆறு ஜோடிகள்: கீழ்ச்சுருதி ஜோடிகள் நான்கும் ஆக்டேவ் (ஒரு கம்பி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே), மீதி இரண்டும் ஒரே சுருதி. மூன்றாவது ஜோடியின் ஆக்டேவ் ஜி தான் செட்டிலேயே மெல்லியது. முதலில் அறுவதும் அதுதான், உதிரியாக நாலைந்து வாங்கி வையுங்கள். எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் இழுவை போய் நெக் நகரும், ட்யூனிங் நிலைக்க நாளாகும். ஒவ்வொரு ஜோடியாக மாற்றுங்கள். ஜோடிக்கு ஒரே சேடில் (கம்பியைத் தாங்கும் துண்டு) உள்ள பிரிட்ஜில் இன்டொனேஷன் (நெக் முழுவதும் சுருதி பிசகாமல் இருப்பது) சமரசம்தான். தடித்த கம்பிக்குச் சரிசெய்துவிட்டு, ஆக்டேவ் கம்பி சற்று விலகுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் இதை எடுத்ததற்குத் தேவை இருந்தது: ஸ்டுடியோவில் பல கிடார்களில் பதிந்ததை மேடையில் ஒருவரே நிறுத்தாமல் வாசிக்க வேண்டியிருந்தது. சீப் ட்ரிக் குழுவின் ரிக் நீல்சனின் ஐந்து நெக் ஹேமர் கிடார் கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. பாட்டு முடிந்தபின் கிடார் மாற்ற அவகாசம் உள்ளவர்களுக்கு இரண்டு தனிக் கிடார்களே மேல்.

ஸ்டாண்ட் வாங்கும்போது கவனம். ஒற்றை நெக்குக்கான ஸ்டாண்டில் இது ஒரு பக்கமாகச் சாயும். விழுந்தால், பின்னோக்கிச் சாய்ந்த ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி), நட்டுக்கு (அதற்கு முன் கம்பிகள் படியும் துண்டு) பின்னால் முறியும்.