எஸ்.எஸ்.டி. தாமதம்: நகல் கோரிக்கையா, கணிக்கும் வலையா?

எங்கள் சேமிப்புச் சேவையில் ஒவ்வொரு தரவுத் துண்டும் மூன்று எஸ்.எஸ்.டி.களில் (சுழலும் தட்டு இல்லாமல் மின்னணுச் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்கள்) பிரதியாக இருக்கிறது. வாசிப்புகளில் பெரும்பாலானவை நூறு மைக்ரோ விநாடியை ஒட்டி முடிந்துவிடும். நூற்றில் ஓரிரண்டு மட்டும் பல மில்லி விநாடிகள் தேங்கி நிற்கும். காரணம் பலரும் அறிந்ததே. எஸ்.எஸ்.டி.யின் நினைவகச் சிப்பான நாண்ட் ஃபிளாஷில் எழுதிய பக்கத்தின் மேலேயே மீண்டும் எழுத முடியாது. பல பக்கங்கள் அடங்கிய பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். அழிப்பு நடக்கும் சிப்பைத் தேடிச் செல்லும் வாசிப்பு அதுவரை காத்திருக்கிறது. இந்த வேலை எப்போது தொடங்கும் என்பதை டிரைவ் வெளியே சொல்வதில்லை. தேக்கத்தைத் தவிர்க்க இரண்டு வழிகளை அடுத்தடுத்துப் பயன்படுத்தி, இரண்டாவதில் நிலைத்திருக்கிறோம்.

முதலாவது நகல் கோரிக்கை. குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் அதே வாசிப்பை வேறொரு பிரதிக்கும் அனுப்பி, முந்தி வருவதை எடுத்துக்கொள்வது. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் இதை விளக்கியபோது தந்த கணக்கு இன்றும் வியப்பளிக்கிறது: நூறு சர்வர்களில் பரவிய ஆயிரம் விவரங்களைப் படிக்கும் சோதனையில், 10 மில்லி விநாடிக்குப் பிறகு நகல் அனுப்பியதால், 99.9-ஆவது சதமானத் தாமதம் (ஆயிரத்தில் ஒன்று மட்டுமே தாண்டும் அளவு) 1,800-இலிருந்து 74 மில்லி விநாடியாகக் குறைந்தது. கூடுதல் கோரிக்கைகள் வெறும் 2 சதவீதம். எழுதுவதும் எளிது, புரிந்துகொள்வதும் எளிது. ஆனால் தாமதம் நேர்ந்த பிறகே இது விழித்துக்கொள்கிறது.

இரண்டாவது, வாசிப்பை அனுப்பும் முன்பே அது விரைவாக முடியுமா, தேங்குமா என்று கணிப்பது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2020-இல் வெளியிட்ட லின்ஓஎஸ் என்ற இயங்குதளம் இதற்கு நல்ல முன்மாதிரி. வரிசையில் எத்தனை கோரிக்கைகள் நிற்கின்றன, கடைசியாக முடிந்த நான்கு கோரிக்கைகள் எவ்வளவு நேரம் எடுத்தன, அவை வந்தபோது வரிசை எவ்வளவு நீளமாக இருந்தது என்பவற்றை மட்டும் ஒரு சிறிய நரம்பியல் வலைக்கு (பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் இயந்திரக் கற்றல் நிரல்) கொடுக்கிறார்கள். அது எத்தனை மைக்ரோ விநாடி ஆகும் என்று சொல்ல முயல்வதில்லை. விரைவு, தேக்கம் என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்று கேள்வியைச் சுருக்கியதே அந்த வடிவமைப்பின் சிறப்பு என்பது என் எண்ணம். ஒரு கணிப்புக்கு 4 முதல் 6 மைக்ரோ விநாடி, துல்லியம் 87 முதல் 97 சதவீதம், நகல் கோரிக்கை போன்ற மாற்று வழிகளோடு ஒப்பிட்டால் சராசரித் தாமதத்தில் 9.6 முதல் 79.6 சதவீதம் வரை முன்னேற்றம் என்பவை அவர்கள் அறிவித்த அளவுகள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேகம் அல்ல, பராமரிப்பு. இயந்திரக் கற்றல் என்றதும் பராமரிப்புச் சுமை கூடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். நகல் கோரிக்கையின் காத்திருப்பு நேரம் மனிதர் ஒருவர் எழுதிவைத்த எண் என்பதை அப்போது போதிய அளவு கவனிக்கவில்லை. டிரைவ்கள் காலியாக இருந்தபோது நாங்கள் வைத்த எண், அவை முக்கால்வாசி நிரம்பி, உள்ளே குப்பை சேகரிப்பு (பயனற்ற பக்கங்கள் உள்ள பிளாக்குகளை அழித்து இடம் உண்டாக்கும் வேலை) அடிக்கடி நடக்கத் தொடங்கியபோது பொருந்தாமல் போனது. மாலை நேர நெரிசலில் நகல்கள் பெருகி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவ்களையும் அவையே தேக்கின. எண்ணைத் திருத்தினோம், சில மாதங்களில் மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது.

வலைக்கோ பாடம் தானாகவே சேர்கிறது. ஒவ்வொரு வாசிப்பும் முடியும்போது அது விரைவா, தேக்கமா என்பது தெரிந்துவிடுவதால், யாரும் உட்கார்ந்து தரவுக்குக் குறியிட வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையிலான எல்லையையும் அந்தந்த டிரைவின் தாமதப் பரவலிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை இரவில் புதிய வலையைப் பயிற்றுவித்து, பழையதோடு அருகருகே ஓடவிட்டு, மேலானதாக இருந்தால் மட்டும் மாற்றுகிறோம். தேங்கப்போவதை விரைவு என்று சொல்லும் பிழை மில்லி விநாடிகளைத் தின்னும். விரைவானதைத் தேங்கும் என்று சொல்லும் பிழையோ வாசிப்பை அடுத்த பிரதிக்கு நகர்த்துவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் பயிற்சியில் முதல் பிழைக்கே கூடுதல் தண்டனை வைத்திருக்கிறோம்.

லின்ஓஎஸ் செய்வதுபோல் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் நாங்கள் போகவில்லை. திருத்திய கர்னலை ஒவ்வொரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்கும் மீண்டும் பொருத்திச் சோதிப்பது எங்களைப் போன்ற சிறிய குழுவால் இயலாத காரியம். டிரைவ்களை எங்கள் சேவை மட்டுமே பயன்படுத்துவதால், சேவைக்குள்ளேயே வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. பல செயலிகள் ஒரே டிரைவைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இந்தக் குறுக்குவழி பலிக்காது.

இந்த வழியிலும் ஒரு சறுக்கல் உண்டு. டிரைவின் ஃபர்ம்வேரை (அதற்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) புதுப்பித்த ஒரு நாளில் வலையின் கணிப்பு சத்தமில்லாமல் கெட்டு, நல்ல டிரைவ்களையெல்லாம் தேங்கும் என்று ஒதுக்கியது. வாசிப்புகள் சில டிரைவ்களிலேயே குவிந்தன. பயனர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது துல்லியம் குறைந்தால் எச்சரிக்கை வருகிறது. கணிப்பு தானாக நின்றுவிடும். கணிப்பு தவறும் வாசிப்புகளுக்காக நகல் கோரிக்கையையும் நீக்காமல், மிக உயர்ந்த காத்திருப்பு நேரத்தோடு வைத்திருக்கிறோம்.

எங்கள் அனுபவம் ஒரே வகை டி.எல்.சி. (ஒரு நினைவகச் செல்லில் மூன்று பிட்) டிரைவ்களோடு முடிகிறது. கியூ.எல்.சி. (செல்லுக்கு நான்கு பிட்) டிரைவ்களிலும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் இதை ஓட்டிப் பார்க்கவில்லை. வாசிப்பே பத்து மைக்ரோ விநாடியில் முடியும் இன்டெலின் ஆப்டேன் போன்ற அதிவேகச் சேமிப்புச் சாதனத்தில், ஐந்து மைக்ரோ விநாடியைக் கணிப்புக்குச் செலவிட நான் துணியமாட்டேன். பிரதியே இல்லாமல் ஒற்றை டிரைவோடு இருப்பவருக்கு, தேக்கம் முன்கூட்டியே தெரிந்தாலும் வாசிப்பைத் திருப்பிவிட வேறு இடமில்லை.